கையேட்டைத் திட்டத்துக்குக் கொடுக்கிறோம்: உரிமத்தை மாற்ற யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

ஏட்டுச்சுவடி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு திறமூலக் காப்புநகல் கருவிக்கு 2016 முதல் நாங்கள் சிலர் சேர்ந்து பயனர் கையேடு எழுதி வருகிறோம். இதுவரை 31 அத்தியாயங்கள். ஆரம்பித்தவன் நான், கோப்புகளும் அவற்றின் திருத்த வரலாறும் உள்ள ரெப்போவும் என் கணக்கில்தான் இருக்கிறது. கருவிக்கென்று ஒழுங்கான ஆவணம் வேறு இல்லாததால், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

திட்டத்தைப் பராமரிப்பவர்கள் போன வாரம் எழுதியிருந்தார்கள். கையேட்டை அப்படியே அதிகாரபூர்வ ஆவணமாக எடுத்துக்கொள்ள விரும்புகிறார்களாம். இத்தனை வருட உழைப்பு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல். எங்கள் கையேடு கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கிறது, அதாவது எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும். அவர்களுடைய நிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில், ஆவணங்கள் சிசி பை 4.0 உரிமத்தில், அதாவது பெயரைச் சொன்னால் போதும். உரிமத்தை மாற்றிவிட்டு புல் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பச் சொல்கிறார்கள்.

லைசென்ஸ் கோப்பை மாற்றி ஒரு கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டால் போதுமா? எழுதிய எல்லாரையும் கேட்க வேண்டுமா? கேட்க வேண்டுமென்றால், எட்டாத தூரத்தில் இருப்பவர்களை என்ன செய்வது?

வேகநடை:
ரெப்போ உங்களுடையது. அவர்கள் அனுப்பிய மாற்றங்களை நீங்கள்தான் சரிபார்த்துச் சேர்த்தீர்கள். இரண்டுமே கிரியேட்டிவ் காமன்ஸ், இரண்டுமே 4.0. மாற்றிவிட்டு அனுப்புங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. விக்கிப்பீடியாவே 2009ல் மொத்தமாக உரிமம் மாறியது. லட்சக்கணக்கானவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார்களா என்ன?

மூலப்பிரதி:
வேகநடை நண்பர் சொல்வது பலரும் நம்புவதுதான். ஆனால் சரியில்லை. சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெப்போ யார் கணக்கில் இருக்கிறது என்பதற்கும் பதிப்புரிமை யாருக்கு என்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஒருவர் ஒரு அத்தியாயம் எழுதி அனுப்பினால் அதன் உரிமை அவரிடமேதான் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டதாலேயே அது உங்கள் கைக்கு வந்துவிடாது. அவர் உங்களுக்குத் தந்தது ஒரு அனுமதி, பை-எஸ்ஏ 4.0 என்ற அனுமதி. அதே அனுமதியை உலகத்தில் எல்லாருக்கும் தந்திருக்கிறார். அவருடைய பத்திகளைப் பொறுத்தவரை, முதல்முறை படிக்கிற ஒரு வாசகருக்கு உள்ள உரிமைதான் உங்களுக்கும். கூடுதலாக ஒரு துளியும் இல்லை.

எஸ்ஏ என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிடுவது சிறிய மாற்றம் போலத் தெரிகிறது. "என் எழுத்தை மாற்றி வெளியிடுகிறவர், அந்த மாற்றத்தையும் இதே போலத் திறந்து வைக்க வேண்டும்" என்பது அவர் வைத்த நிபந்தனை. அதை நம்பித்தான் சிலர் எழுத வந்திருப்பார்கள். அவர்கள் பூட்டிவைத்த கதவை அவர்களைக் கேட்காமல் நாம் திறக்கக் கூடாது. பை-எஸ்ஏவில் உள்ள ஒன்றை அதே பை-எஸ்ஏவின் பிந்தைய பதிப்புக்குக் கொண்டுபோகலாம். இணக்கமானது என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவித்த உரிமத்துக்கும் கொண்டுபோகலாம். 2015 அக்டோபரில் ஜிபிஎல் 3 என்ற மென்பொருள் உரிமம் அப்படி அறிவிக்கப்பட்டது, அதுவும் ஒருவழிப் பாதையாக. வெறும் சிசி பை அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கவும் முடியாது.

விக்கிப்பீடியா கதை வேறு. அங்கே பங்களிப்புகள் ஜிஎஃப்டிஎல் என்ற ஆவண உரிமத்தில், "அல்லது அதன் பிந்தைய எந்தப் பதிப்பும்" என்ற சொற்றொடரோடு தரப்பட்டிருந்தன. 2008 நவம்பரில், அந்த உரிமத்தை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதன் 1.3 பதிப்பை வெளியிட்டது. விக்கி போன்ற பலர் எழுதும் தளங்கள் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு சிசி பை-எஸ்ஏ 3.0க்கு மாறலாம், 2009 ஆகஸ்ட் 1க்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. விக்கிச் சமூகம் வாக்கெடுப்பு நடத்தி 2009 ஜூனில் மாறியது. அதாவது, எழுதியவர்கள் கொடுத்த அனுமதிக்குள்ளேயே அந்த வழி இருந்தது. உங்கள் லைசென்ஸ் கோப்பில் அப்படி ஒரு வழி இல்லை.

ஏட்டுச்சுவடி:
புரிகிறது. மனசுக்குள் பயந்தது இதைத்தான்.

ரெப்போவைக் கையாளும் கிட் மென்பொருளில், கமிட் போட்டவர்களைப் பட்டியலிடும் ஷார்ட்லாக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 17 பெயர்கள் வந்தன. ஒருவரே வீட்டு முகவரியிலும் அலுவலக முகவரியிலும் எழுதியிருக்கிறார் என்பதையெல்லாம் மெயில்மேப் கோப்பில் ஒட்டிச் சேர்த்தபின் 12 பேர், என்னையும் சேர்த்து. இதில் எட்டுப் பேரோடு இன்றும் பேச்சு இருக்கிறது. இரண்டு பேருக்கு அனுப்பிய அஞ்சல் திரும்பி வந்துவிட்டது. ஒருவர் மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். மீட்பு அத்தியாயம், அதாவது 9ஆம் அத்தியாயம், கிட்டத்தட்ட முழுவதும் அவர் எழுதியது. கையேட்டில் அதிகம் படிக்கப்படுவதும் அதுதான்.

இன்னொன்று. 4 முதல் 7 வரை ஒரு பழைய விக்கியிலிருந்து கொண்டுவந்தோம். அப்போது வரலாற்றைக் கொண்டுவரவில்லை. எல்லாம் என் பெயரில் ஒரே கமிட்டாக நிற்கிறது.

பிழைதிருத்தி:
அந்த ஒரே கமிட்தான் ஆபத்தானது. கிட் அதைப் பார்த்துவிட்டு நான்கு அத்தியாயமும் உங்களுடையது என்று சொல்லும். விக்கியின் பழைய தரவுக் கோப்பு யாரிடமாவது இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் திருத்த வரலாறும் அதில் இருக்கும். கமிட் செய்திகளில் சேர்ந்து எழுதியவரைக் குறிக்கும் கோ-ஆதர்டு-பை வரிகளையும் பாருங்கள், ஷார்ட்லாக்கின் வழக்கமான பட்டியலில் அவை வராது.

யாரைக் கேட்பது, யாரை விடுவது என்பதை வரிக் கணக்கு பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் முன்பு ஒரு கையேட்டில் இந்த வேலை செய்தபோது, ஒருவர் கணக்கில் 400 வரிக்கு மேல் இருந்தது. திறந்து பார்த்தால் அட்டவணைகளில் இடைவெளியைச் சீர்செய்திருந்தார், அவ்வளவுதான். புதிய சொல் ஒன்றுகூட இல்லை. இன்னொருவர் கணக்கில் ஒரே ஒரு பத்தி. எந்த வரிசையில் சேவைகளை நிறுத்தினால் தரவு கெடாது, ஏன் அந்த வரிசை என்று அவர் தன் நடையில் எழுதிய பத்தி. அந்தப் பக்கத்தின் உயிரே அதுதான். முன்னவரைக் கேட்காவிட்டாலும் சட்டப்படி பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. பின்னவரைக் கேட்டே ஆக வேண்டும். எழுத்துப்பிழை, காற்புள்ளி, உடைந்த இணைப்பு, இவற்றுக்கெல்லாம் பதிப்புரிமை எழாது. ஆனால் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். ஒரு அஞ்சல் கூடுதலாக அனுப்புவதில் நமக்கு என்ன குறை?

தாள்கட்டு:
அலுவலக முகவரி என்று எழுதியிருந்தீர்களே, அதை அப்படியே கடந்துவிடாதீர்கள். வேலையின் பகுதியாக எழுதியது என்றால் பல நாடுகளில் உரிமை நிறுவனத்துக்கே போகும். அவர் "சரி" என்று பதில் போட்டாலும் அந்தச் சரிக்கு மதிப்பிருக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு கருவிக்கு நிறுவல் வழிகாட்டி எழுதினேன். வேலையை விட்டு வந்தபின், அதைத் திட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று நானே உரிம வரியை மாற்றி அனுப்பிவிட்டேன். நான் எழுதியது, என் விரல் தட்டியது என்பதுதான் என் மனதில் இருந்தது. ஐந்து மாதம் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து திட்டத்துக்குக் கடிதம் போனது. திட்டத்தினர் அந்தப் பக்கங்களை எடுத்தார்கள். அவற்றின் மேல் மற்றவர்கள் செய்திருந்த திருத்தங்களும் சேர்ந்தே போயின. முகம் தெரியாத எத்தனையோ பேர் மாலை வேளைகளில் உட்கார்ந்து செய்த வேலை அது. என்னால் போனது. இன்றைக்கு நினைத்தாலும் மனம் கனக்கிறது. முன்கூட்டியே கேட்டிருந்தால் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும்.

அதனால் அந்த அலுவலக முகவரிக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இது உங்கள் வேலையின் பகுதியா? அப்படியானால் அனுமதி தரக்கூடியவரிடமிருந்து ஒரு வரி வாங்கித் தர முடியுமா?"

கருவூலம்:
ஒரு மாற்றுக் கருத்து. உரிமத்தை மாற்றத்தான் வேண்டுமா?

ஒரு திட்டத்தில் எல்லாக் கோப்பும் ஒரே உரிமத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கையேட்டைத் தனி அடைவில் வைத்து, அங்கே ஒரு லைசென்ஸ் கோப்பு, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் உரிமத்தின் பெயரைச் சொல்லும் ஒரு எஸ்பிடிஎக்ஸ் வரி. பை-எஸ்ஏவாகவே இருக்கட்டும். ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை, எழுதியவர்களின் நிபந்தனையும் நிற்கும். கொடை என்றால் கொடுப்பவரும் நிபந்தனை வைக்கலாம். கொடுப்பவர்தான் எப்போதும் வளைய வேண்டுமா? எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எஸ்ஏ உரிமத்தில் எழுதியவர்கள் பொதுச்சொத்தைக் காப்பதற்காக எழுதினார்கள்.

மூலப்பிரதி:
கருவூலம் சொல்வது நல்ல யோசனை, முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியதும் அதுதான். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது, சில அமைப்புகளின் கீழ் உள்ள திட்டங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சிஎன்சிஎஃப் (கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன்) என்ற அமைப்பின் திட்டங்களில் ஆவணம் சிசி பை 4.0 என்பது அமைப்பின் விதி. அதன் கீழ் உள்ள குபெர்நெட்டிஸ் மென்பொருளின் ஆவணங்கள் அப்படித்தான் இருக்கின்றன. பராமரிப்பவர் விரும்பினாலும் தனியாக மாற்ற முடியாது.

இரண்டாவது, நிரல் துணுக்குகள். காப்புநகல் கையேடு என்றால் பக்கத்துக்குப் பக்கம் ஸ்கிரிப்ட் இருக்கும். படிக்கிறவர் என்ன செய்வார்? நகலெடுத்துத் தன் சர்வரில் ஒட்டுவார். பை-எஸ்ஏ உரிமத்தில் உள்ள 20 வரி ஸ்கிரிப்டைத் தன் நிரலுக்குள் ஒட்டியவருக்கு என்ன கடமை வருகிறது என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லை. மென்பொருளுக்குத் தங்கள் உரிமங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸே சொல்கிறது. அதனால்தான் பெரிய திட்டங்கள் துணுக்குகளைத் தனியாகப் பிரித்துவிட்டன. இணைய நிரலாளர்களுக்கான எம்டிஎன் தளத்தில் கட்டுரைகள் சிசி பை-எஸ்ஏ 2.5. ஆனால் 2010 ஆகஸ்ட் 20 முதல் சேர்த்த நிரல் மாதிரிகள் சிசி0, அதாவது நிபந்தனையே இல்லை. பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் 3.8.6 பதிப்பிலிருந்து பூச்சிய நிபந்தனை பிஎஸ்டி உரிமத்திலும் கிடைக்கின்றன. உரைநடை பை-எஸ்ஏவாகவே இருந்தாலும், துணுக்குகளுக்கு மட்டுமாவது எழுதியவர்களிடம் தனி அனுமதி கேட்பது நல்லது.

கருவூலம்:
துணுக்குகள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். நான் அதை யோசிக்கவில்லை.

மறுபக்கம்:
கையேட்டுக்கு வேறு மொழி வடிவங்கள் உண்டா? உண்டென்றால் மொழிபெயர்த்தவர்களும் உரிமையாளர்களே. மூலத்தை எழுதியவர் ஒப்புக்கொண்டாலும் மொழிபெயர்ப்பு தானாக மாறிவிடாது.

வெட்டி ஒட்டிய பத்திகளையும் தேடுங்கள். எங்கள் கையேட்டில், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த இரண்டு விடைகள் இருந்தன. அங்கே தேதியைப் பொறுத்து உரிமம்: 2011 ஏப்ரல் 8க்கு முன் எழுதியது பை-எஸ்ஏ 2.5, அதிலிருந்து 2018 மே 2க்கு முன்வரை 3.0, அதன்பின் 4.0. எதுவாக இருந்தாலும் எஸ்ஏ உண்டு. அந்த விடையை எழுதியவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் அந்தப் பத்தியைத் தூக்கிவிட்டு, செய்து பார்த்து உங்கள் சொல்லில் எழுதுங்கள். எப்படியும் பழைய விடை, புதிய பதிப்பில் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஒரு வாய்ப்பு.

வேகநடை:
என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சந்தேகம். எல்லாருக்கும் அஞ்சல் அனுப்பி, "ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என்று போட்டால் என்ன?

பிழைதிருத்தி:
வேண்டாம். 2017 மார்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் திட்டம் அப்பாச்சி உரிமத்துக்கு மாற ஏறக்குறைய 400 பங்களிப்பாளர்களுக்கு அஞ்சல் அனுப்பியது. பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கொள்வோம் என்ற கருத்தில் ஒரு வரி அதில் இருந்தது. எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில். மௌனம் சம்மதம் என்பது வீட்டுப் பேச்சுக்குச் சரி, உரிமத்துக்கு ஆகாது. அந்த அஞ்சல் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே நமக்குத் தெரியாதே.

பலர் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செய்ததையும் பாருங்கள். 2012 செப்டம்பர் 12ல் சிசி பை-எஸ்ஏவிலிருந்து ஓடிபிஎல் என்ற தரவுத்தள உரிமத்துக்கு மாறினார்கள். அதற்கு முன் ஒவ்வொரு பயனரிடமும் ஒப்புதல் கேட்டு, கொடுக்காதவர்கள் வரைந்ததை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சாலைகள், தெருக்கள் காணாமல் போயின. பிறகு மற்றவர்கள் வரைந்து நிரப்பினார்கள். வலித்தாலும் நேர்மையான வழி அது.

நான் அனுப்பிய அஞ்சலின் வாசகத்தைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். கையேட்டின் இந்த இந்த அத்தியாயங்களில் நீங்கள் எழுதிய பகுதிகள் கீழே உள்ள கமிட்களில் இருக்கின்றன. இப்போது அவை சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் உள்ளன. உரைநடையைச் சிசி பை 4.0 உரிமத்திலும், நிரல் துணுக்குகளை அப்பாச்சி 2.0 உரிமத்திலும் திட்டத்துக்குத் தர ஒப்புக்கொள்கிறீர்களா? ஒப்புக்கொண்டால், உங்கள் எழுத்தை ஒருவர் மாற்றி, அந்த மாற்றத்தை மற்றவர்களுக்குத் திறந்து தராமலும் வைத்துக்கொள்ள முடியும். உங்கள் பெயர் தொடர்ந்து குறிப்பிடப்படும். ஏற்கெனவே வெளியான பதிப்பு பை-எஸ்ஏவில் என்றும் இருக்கும். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். எதுவானாலும் ஒரு வரி பதில் போடுங்கள்."

அவர் எதை இழக்கிறார் என்பதை மறைக்காமல் எழுதியதுதான் இதில் முக்கியம். பதில்களை ரெப்போவிலேயே ஒரு இஷ்யூவில் (எல்லாரும் பார்க்கும் விவாத இழையில்) பதிவு செய்யச் சொல்லுங்கள். தனி அஞ்சல் உங்கள் பெட்டியோடு போய்விடும்.

தாள்கட்டு:
திட்டம் டிசிஓ (கொடுப்பதற்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவர் தரும் சான்று) கேட்கிறதா? கேட்டால், ஒவ்வொரு கமிட்டிலும் சைன்டு-ஆஃப்-பை வரி போடும்போது நீங்கள் ஒரு உறுதிமொழி கொடுக்கிறீர்கள். முன்பே உள்ள ஒருவரின் ஆக்கத்தைக் கொடுத்தால், அதே உரிமத்தில் கொடுக்கிறேன், வேறு உரிமம் என்றால் அதற்கு அனுமதி இருக்கிறது என்பது அதன் பொருள். 12 பேர் ஒப்புதலும் கையில் இல்லாமல் அந்த வரியைப் போடாதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
ஏழு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விக்கியின் தரவுக் கோப்பு ஒரு நண்பரின் பழைய வன்தட்டில் கிடைத்தது. அதிலிருந்து இன்னும் மூன்று பெயர்கள் வந்தன. ஆக 15 பேர். திட்டத்திடம் பை-எஸ்ஏவாகவே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டோம். முடியாது என்று காரணத்தோடு பொறுமையாக விளக்கினார்கள். எனவே எல்லாருக்கும் பிழைதிருத்தி அவர்களின் வாசகத்தை அனுப்பினேன். அஞ்சல் திரும்பி வந்த இருவரில் ஒருவரை வேறு திட்டம் ஒன்றின் கமிட்களில் கண்டுபிடித்தோம். அலுவலக முகவரிக்காரர் தன் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கித் தந்தார், இரண்டே நாளில்.

ஒருவர் மறுத்துவிட்டார். எஸ்ஏ இல்லாமல் தன் எழுத்து போகக் கூடாது என்பது அவர் நிலை. அவரோடு வாதிடவில்லை. அவர் எழுதிய 22ஆம் அத்தியாயம் எங்கள் ரெப்போவிலேயே நிற்கும், திட்டத்தின் ஆவணத்திலிருந்து இணைப்பு மட்டும் போகும். கண்டுபிடிக்க முடியாத ஒருவரின் இரண்டு பத்திகளை எடுத்துவிட்டு, அவற்றைப் படித்திராத ஒரு தோழி கருவியை ஓட்டிப் பார்த்துப் புதிதாக எழுதித் தந்தார்.

9ஆம் அத்தியாயம். எழுதியவர் இறந்தபின்னும் பதிப்புரிமை நீடிக்கும், பெர்ன் ஒப்பந்தப்படி குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 60 அல்லது 70. அது குடும்பத்தாருக்குப் போகிறது. அவர் மனைவிக்கு எழுதவே எனக்குத் தயக்கமாக இருந்தது. பழைய துக்கத்தைக் கிளறுகிறோமோ என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் உரிமப் பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு, அந்த அத்தியாயம் என்ன, எத்தனை பேர் அதைப் படித்துத் தொலைந்த கோப்புகளை மீட்டிருக்கிறார்கள் என்று எழுதி, பயனர்கள் அனுப்பியிருந்த நன்றி அஞ்சல்கள் சிலவற்றையும் சேர்த்து அனுப்பினேன். அவர் இரவில் உட்கார்ந்து எதையோ எழுதுவார், என்னவென்று அவர்களுக்குத் தெரியாதாம். அம்மாவும் மகளும் சேர்ந்து ஒப்புதல் எழுதியிருக்கிறார்கள். மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்பா பெயர் அந்தப் பக்கத்திலேயே இருக்குமா?"

அங்கேதான் ஒரு விஷயம் கவனித்தேன். திட்டத்தின் ஆவணங்களில் அடிக்குறிப்பாகத் "திட்டத்தின் பங்களிப்பாளர்கள்" என்று பொதுவாக ஒரு வரிதான் உண்டு, தனிப் பெயர்கள் கிடையாது. சிசி பை உரிமத்துக்குச் சட்டப்படி அது போதுமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் அதைப் பதிலாக எழுத முடியாது. திட்டத்தினரிடம் பேசினேன். பக்கத்துக்குப் பக்கம் எழுதியவர்கள் பெயர் வரும்படி வார்ப்புருவை மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாற்றம் இன்னும் இணைக்கப்படவில்லை. இணைத்தபின்தான் 9ஆம் அத்தியாயத்தை அனுப்புவேன்.

கருவூலம்:
வரலாற்றோடு அனுப்புங்கள், ஐயா. ஒரே கமிட்டாகச் சுருக்க வேண்டாம். கிட் ஃபில்டர்-ரெப்போ கொண்டு அந்த அடைவை மட்டும் பிரித்து, கமிட்களை அப்படியே அவர்கள் ரெப்போவில் சேர்க்கலாம். 22ஆம் அத்தியாயத்தின் கோப்பைப் பழைய கமிட்களிலிருந்தும் நீக்குவதும் அதே கருவியில் முடியும். விக்கியிலிருந்து வந்த நான்கு அத்தியாயங்களுக்கும் தரவுக் கோப்பைப் பார்த்து ஆசிரியர் பெயரோடு கமிட்களை மீட்டெழுதிவிடுங்கள். வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து செய்து தருகிறேன், இந்த வார இறுதியில் நேரம் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
கட்டாயம் வேண்டும். தரவுக் கோப்பை இன்றிரவே அனுப்புகிறேன். 5ஆம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் இரண்டு முறை பெயர் மாற்றப்பட்டிருக்கிறது, அதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.